வலியறிதலும் அளவறிதலும்: தற்காப்புக் கலைப் பயிற்சியில் உதைத்திறன், தாங்குதிறன் அளவீடு

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பின்னரே ஒருவன் ஒரு செயலில் இறங்க வேண்டும் என்பது அவர் கருத்து. அரசியலுக்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை, உடலைப் பயிற்றும் கலைகளுக்கும் அப்படியே பொருந்தும். தன் வலிமை எவ்வளவு என்பதை அறியாமல் களம் புகுந்து இடையில் முறிந்தவர் பலர் என்று வள்ளுவரே எச்சரிக்கின்றார். அவ்வாறாயின் வலிமையை எதைக்கொண்டு அளப்பது? கண்ணால் அளப்பதா, கருவியால் அளப்பதா? கருவி கூறும் எண் எதனைக் காட்டுகின்றது, எதனைக் காட்டாமல் விடுகின்றது? குறிப்பாகக் காலால் உதைக்கும் திறனையும், களைப்பைத் தாங்கி நிற்கும் திறனையும் அளக்கும் வழிகளைச் செந்துறை போன்ற ஊர்ப்புறங்களில் பயிலும் இளைஞர்க்குப் பயன்படும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் வலியளந்த முறைகள்

காலின் வலிமையைப் போற்றும் மரபு தமிழில் மிகத் தொன்மையானது. ஆமூரில் ஒரு மல்லனை வென்ற போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய பாடல் புறநானூற்றில் எண்பதாவதாக அமைந்துள்ளது. வீரனின் ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருப்பதையும், மற்றொரு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் நிற்பதையும் அப்புலவர் தனித்தனியே கண்டு கூறுகின்றார். அங்கே அளவுகோலாக விளங்கியது புலவரின் கண்ணே எனலாம்.

தென் மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் காணப்படும் இளவட்டக்கல் அடுத்த படிநிலையைக் காட்டுகின்றது. உருண்டையான வழுவழுப்பான அக்கல்லைத் தோளுக்குமேல் தூக்கி வீசுகின்ற இளைஞனே மணத்திற்கு உரியவன் என்ற வழக்கு இருந்தது. கல் மாறுவதில்லை, தூக்குபவர் மட்டுமே மாறுகின்றனர். அனைவரையும் ஒரே பொருளால் அளப்பது என்னும் அளவையியலின் முதல் விதி இதில் அடங்கியுள்ளமை நோக்கத்தக்கது. ஆயினும் இக்கல் 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற இரண்டே விடைகளைத் தரும். எவ்வளவு முடிந்தது என்று கூறாது.

பொங்கல் விழாவிலும், கோயில் திருவிழாவிலும், சந்தனக்கூடு ஊர்வலத்திலும் ஆடப்பெறும் சிலம்பத்திலும் ஓர் அளவைமுறை உண்டு. கோலின் நுனியில் சாயமோ சாம்பலோ தடவி, எதிராளியின் உடலில் பட்ட இடத்தை அறிந்து வெற்றி கணிப்பர். அடி பட்டதா என்ற ஐயத்தை அகற்ற, மனிதனின் கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு தடயத்தை நாடிய முறை இது. கேரளக் களரிப்பயிற்றில் 'சவிட்டிப் பொங்கல்' என்னும் போட்டி உண்டு. உயரத்தில் தொங்கும் பந்தைத் துள்ளி உதைப்பது இதன் முறை. பந்தின் உயரமே இங்கு அளவாகின்றது.

உதைத்திறன் என்பது யாது?

"அவன் உதை பலமானது" என்று பொதுவாகக் கூறுகின்றோம். இயற்பியல் நோக்கில் இத்தொடரில் வெவ்வேறான நான்கு செய்திகள் கலந்துள்ளன. முதலாவது வேகம், பாதம் ஒரு நொடியில் எத்தனை மீட்டர் கடக்கின்றது என்பது. இரண்டாவது உந்தம், இலக்காகும் பொருளுக்கு எவ்வளவு இயக்கத்தை அவ்வுதை அளித்தது என்பது. மூன்றாவது விசை; தாக்கும் கணத்தில் எவ்வளவு அழுத்தம் ஏற்பட்டது என்பது. நான்காவது ஆற்றல், அவ்வுதை செய்யவல்ல வேலையின் அளவு.

இவை ஒன்றோடொன்று தொடர்புடையனவே ஆயினும் ஒன்றல்ல. ஒரே உந்தத்தை ஒருவர் மெல்லத் தள்ளியும் அளிக்கலாம். மற்றொருவர் சுருக்கென உதைத்தும் அளிக்கலாம். தள்ளுதலில் காலம் நீள்வதால் விசை குறைகின்றது. உதையில் காலம் சுருங்குவதால் விசை மிகுகின்றது. கிணற்றடிக் கல்லில் துணியை வைத்து அழுத்துவதற்கும், ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. எனவே, ஒரு கருவி இந்நான்கில் எதனை அளக்கின்றது என்று முதலில் கேட்க வேண்டும். அவ்வினா இன்றி எண்ணை மட்டும் பார்ப்பது பயனற்றது.

தொங்கும் மூட்டையும் கடலூர்க் கோட்டையும்

உந்தத்தை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. அதன் வரலாறு நமக்கு அண்மையிலுள்ள கடலூரைத் தொடுகின்றது. ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் இராபின்சு 1742இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில், துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் ஊசற்கருவியை விளக்கினார். தொங்கும் கட்டையில் குண்டு பாய்ந்ததும் கட்டை பின்னே ஊசலாடும். அது சென்ற தொலைவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். பின்னர் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைப் பொறியாளராகத் தமிழகம் வந்து, 1751இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மறைந்தார்.

குண்டுக்குப் பதிலாகப் பாதத்தையும், கட்டைக்குப் பதிலாக மணல் மூட்டையையும் வைத்தால் இராபின்சின் கருவி நம் பயிற்சிக்கூடத்திற்கு வந்துவிடும். முப்பது கிலோ எடையுள்ள மூட்டையை, அதன் நடுப்பகுதி தொங்குமிடத்திலிருந்து இரண்டு மீட்டர் கீழே இருக்குமாறு கட்டித் தொங்கவிட்டதாகக் கொள்வோம். ஒருவர் அதன் நடுவில் உதைக்கும்போது மூட்டை கிடைமட்டமாக 60 சென்டிமீட்டர் பின்னே செல்கின்றது. அப்போது அது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் மேலெழும். அவ்வுயரத்திலிருந்து கணக்கிட்டால், உதைபட்ட கணத்தில் மூட்டையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.34 மீட்டர். எடையோடு பெருக்க, உந்தம் ஏறத்தாழ 40 அலகு ஆகும்.

கணக்கு கடினமாகத் தோன்றினும் நடைமுறை எளிது. மூட்டையும் கயிறும் மாறாதிருந்தால், மூட்டை பின்வாங்கும் தொலைவும் அதற்கு அளிக்கப்பட்ட உந்தமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமையும். முதல் மாதம் 45 சென்டிமீட்டர் தள்ளியவர் மூன்றாம் மாதம் 60 சென்டிமீட்டர் தள்ளினால், அவர் அளிக்கும் உந்தம் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்துள்ளது என்று பொருள். மூட்டைக்குப் பக்கவாட்டில் ஒரு பலகையில் சென்டிமீட்டர் கோடுகள் இட்டு, கைப்பேசியில் படம் பிடித்தால் தொலைவைத் துல்லியமாகப் படிக்கலாம். செலவு மிகக் குறைவு.

ஆனால், முன்னர்க் கூறிய குறை இங்கு நினைக்கத்தக்கது. இவ்வூசல் உந்தத்தை மட்டுமே அளக்கும். தள்ளலையும் உதையையும் வேறுபடுத்தாது. 40 அலகு உந்தம் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் அளிக்கப்பட்டால் சராசரி விசை 2000 நியூட்டன். அதுவே பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அளிக்கப்பட்டால் 400 நியூட்டன் மட்டுமே. இரண்டு உதைகளுக்கும் மூட்டை ஒரே அளவே பின்வாங்கும். இவ்வேறுபாட்டைக் காண மின்னணுக் கருவி வேண்டும்.

எடைமேடையும் கைப்பேசியும்

விசையை நேரடியாக அளக்கும் மின்னணுக் கருவியின் அடிப்படை நம் பகுதி மக்கள் அறியாததன்று. அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எடைமேடையில் ஏறி நிற்பதை நாள்தோறும் காண்கின்றோம். அம்மேடையின் அடியில் உலோகத் தாங்கிகள் உள்ளன. பாரம் ஏறும்போது அவை கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகின்றன. அவற்றில் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பியிழைகள் அந்நெளிவால் நீண்டு, அவற்றின் மின்தடை மாறுகின்றது. அம்மாற்றமே எண்ணாகத் திரையில் தோன்றுகின்றது. நியாயவிலைக் கடையின் மின்னணுத் தராசும் இவ்வாறே இயங்குகின்றது. இத்தகைய தாங்கியைச் சுவரில் பொருத்தி அதன்மேல் மெத்தை அமைத்தால் அது உதையளக்கும் கருவியாகின்றது. லாரி அசையாமல் நிற்கும்; உதையோ கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆதலால் உதைக்கருவி ஒரு நொடிக்குப் பல நூறு முறை அளந்து பதிவு செய்யவேண்டும். கடைத்தராசை உதைத்து வலிமை காண இயலாமைக்கு இதுவே காரணம்.

வேகத்தை அளக்க இன்று பலரிடமும் உள்ள கைப்பேசியே போதும். ஒரு நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுகாட்சி வசதி பல கைப்பேசிகளில் உள்ளது. பக்கவாட்டில் நின்று படம் பிடித்து, ஒரு மீட்டர் தொலைவைப் பாதம் எத்தனை படங்களில் கடக்கின்றது என்று எண்ணலாம். 24 படங்கள் எனில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு. அஃதாவது வேகம் நொடிக்குப் 10 மீட்டர். அளவுக்காக ஒரு மீட்டர் கோலைப் பாதம் செல்லும் தளத்திலேயே வைத்துப் படம் பிடித்தல் வேண்டும். கோல் முன்னே பின்னே இருந்தால் கணக்குப் பிழைபடும்.

ஒலிம்பிக் களத்தில் மின்னணுக் கவசம்

உதையைக் கருவியால் அளக்கும் முறை உலக அரங்கில் நிலைபெற்றது டேக்வாண்டோ விளையாட்டினால் ஆகும். கொரிய மண்ணில் வளர்ந்த இக்கலை 1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்று, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டாயிற்று. அப்போது உதை பட்டதா, போதிய வலிமையுடன் பட்டதா என்பதை நடுவர்கள் கண்ணால் கண்டு பொத்தானை அழுத்தியே புள்ளி வழங்கினர்.

கண்ணின் எல்லை 2008 பெய்ஜிங்கில் வெளிப்பட்டது. பிரிட்டன் வீராங்கனை சாரா ஸ்டீவன்சன், இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற சீனாவின் சென் சோங்கின் தலையில் இட்ட உதைக்கு நடுவர்கள் புள்ளி அளிக்கவில்லை. முறையீட்டிற்குப் பின் காணொளியைப் பார்த்து முடிவு மாற்றப்பட்டது. வென்றவர் தோற்றவராகவும், தோற்றவர் வென்றவராகவும் ஆன அந்நிகழ்ச்சி, பல்லாண்டு உழைப்பு ஒரு நடுவரின் இமைப்பில் தொங்குவதை உலகிற்குக் காட்டியது.

2012 இலண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக் கவசம் பயன்படுத்தப்பட்டது. வீரரின் காலுறையில் காந்தங்கள் உள்ளன. கவசத்தில் உள்ள உணரிகள், தொட்டது எதிராளியின் காலுறைதானா என்பதையும், தாக்கம் குறித்த அளவைத் தாண்டியதா என்பதையும் ஒருங்கே அறிகின்றன. இரண்டும் நிறைவேறினாலன்றிப் புள்ளி இல்லை. எடைப்பிரிவுக்கேற்ப அவ்வெல்லை அளவு மாறுபடும். 2016 ரியோவில் தலைக்கவசத்திலும் உணரிகள் வந்தன. சிலம்பக் கோலின் நுனியில் தடவிய சாம்பலின் மின்னணு வடிவமே இது என்றால் மிகையாகாது.

கருவி வந்தபின் கலையும் மாறியது. வீச்சான சுழலுதைகளைக் காட்டிலும், முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிராளியின் கவசத்தைத் தட்டிப் புள்ளி சேர்க்கும் உத்தி பெருகியது. வாட்போர் போலக் காலால் குத்திக்கொள்கின்றனர் என்று ஆர்வலர் குறைகூறினர். இதன்பின், திரும்பிச் சுழன்று இடும் உதைகளுக்கு மிகுதியான புள்ளி வழங்கும் வகையில் விதிகள் திருத்தப்பட்டன. எதனை அளக்கின்றோமோ அதனையே மாணவர் பயில்வர் என்னும் உண்மையை ஆசிரியர் அனைவரும் இதனின்று உணரலாம். தேர்வில் வரும் பகுதியை மட்டும் படிக்கும் மாணவனின் நிலையும் இதுவே அன்றோ!

தாங்குதிறன் அளவீடு

ஓர் உதையின் வலிமை ஒருபுறம் இருக்க, இருபதாவது உதையும் முதல் உதைபோல் அமைகின்றதா என்பது மற்றொரு வினா. டேக்வாண்டோப் போட்டி இரண்டு நிமிடச் சுற்றுகளாக, இடையே ஒரு நிமிட ஓய்வுடன் நடைபெறுகின்றது. கடைசிச் சுற்றில் கால் தளர்ந்தவருக்கு முதற்சுற்றின் வலிமை துணை நிற்பதில்லை.

உதைத் தாங்குதிறனை அளக்கப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் வகுத்த எளிய சோதனை ஒன்று குறிப்பிடத்தக்கது. தொங்கும் மூட்டையை இருகால்களாலும் மாறிமாறி 10 நொடி முழுவேகத்தில் உதைக்க வேண்டும். 10 நொடி ஓய்வு. இவ்வாறு ஐந்து சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் உதைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவர் முறையே 20, 19, 18, 17, 16 உதைகள் இட்டதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 90. தளர்ச்சியே இல்லையெனில் ஐந்து சுற்றிலும் இருபது வீதம் 100 வந்திருக்க வேண்டும். எனவே தளர்ச்சி 10 விழுக்காடு. கடிகாரமும் மூட்டையும் எண்ணிச் சொல்ல ஒரு தோழரும் இருந்தால் இதனைச் செய்துவிடலாம்.

பொதுவான மூச்சுத் தாங்குதிறனுக்கு வேறு சோதனைகள் உள்ளன. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட முறையில், 12 நிமிடத்தில் ஒருவர் ஓடிக் கடக்கும் தொலைவே அளவு. கனடாவின் லேசே, இலம்பேர் ஆகியோர் 1982இல் வகுத்த முறையில், 20 மீட்டர் இடைவெளியில் இட்ட இரு கோடுகளுக்கிடையே ஒலிக்குறிப்பிற்கேற்ப ஓடித் திரும்பவேண்டும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை அரைக் கிலோமீட்டர் வேகம் கூடும். ஒலிக்கு ஈடுகொடுக்க இயலாதபோது சோதனை முடிவுறும். நின்று, திரும்பி, மீண்டும் விரையும் இவ்வோட்டம் சண்டைக் கலைகளின் அசைவுக்கு நெருக்கமானது.

செந்துறை இளைஞர்க்கு

விருத்தாசலத்திற்கும் அரியலூருக்கும் இடையே தொடர்வண்டிப் பாதையில் அமைந்த செந்துறை, முந்திரித் தோப்புகளும் மானாவாரி நிலங்களும் சூழ்ந்த ஊர். இத்தகைய ஊர்களின் இளைஞர் பலருக்குக் காவலர் பணி ஒரு குடும்பத்தையே நிமிர்த்தும் வாய்ப்பாகும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம்நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடி முடித்தால்தான் அடுத்த கட்டம். ஒரு நொடி பிந்தினாலும் எழுத்துத் தேர்வுக்காக இரவெல்லாம் படித்த உழைப்பு வீணாகும். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் இடம்பெற்றிருப்பதும், 2024 சனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் தற்காப்புக் கலை பயில்வோர்க்கு ஊக்கமளிப்பனவாம்.

ஆயினும் ஓடிப் பழகுவோர் பலர் அளந்து பழகுவதில்லை. விடியலில் சாலையோரம், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுகின்றனர். தொலைவும் தெரியாது, நேரமும் தெரியாது. தேர்வுத் திடலில்தான் முதன்முறையாகத் தம் அளவை அறிகின்றனர். இது தவிர்க்கத்தக்கது. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 நொடி. பள்ளித் திடலில் அளவுநாடா கொண்டு 200 மீட்டர் சுற்றுப்பாதை குறித்தால், சுற்றுக்கு 56 நொடி வீதம் ஏழரைச் சுற்று. முதற்சுற்றை 45 நொடியில் ஓடி, ஐந்தாம் சுற்றில் தள்ளாடுவோர் கடிகாரத்தைப் பார்த்து ஓடினாலே பெரும்பயன் பெறுவர்.

அளக்கும்போது சில நெறிகளைப் பின்பற்றவேண்டும். அதே மூட்டை, அதே கயிறு, அதே உயரம், அதே நேரம் என்னும் ஒழுங்கு வேண்டும். மழையில் நனைந்த மணல் மூட்டை எடை கூடிவிடும். உடலைச் சூடேற்றிய பின்னரே அளத்தல் வேண்டும். ஒருமுறை கிடைத்த உயர்ந்த எண்ணை நம்பாமல், ஐந்து உதைகளின் சராசரியைக் குறித்தல் நலம். இடக்கால், வலக்கால் இரண்டையும் தனித்தனியே அளந்தால் எக்கால் பின்தங்கியுள்ளது என்பது புலப்படும். காயம் பட்ட கால் முழுமையாகத் தேறிவிட்டதா என்பதையும் இவ்வொப்பீடு காட்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவரை எழுபது கிலோ எடையுள்ளவரோடு ஒப்பிடுதல் நேர்மையன்று; ஒருவரை அவருடைய சென்ற மாதத்து எண்ணோடு ஒப்பிடுதலே முறை. இவற்றையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதியுடன் எழுதி வருவதே சிறந்த கருவி எனலாம்.

அளவின் எல்லை

எண் கூறாத செய்திகளும் உண்டு. மூட்டை திருப்பி அடிப்பதில்லை, விலகுவதுமில்லை. எதிராளியின் அசைவை முன்னுணர்தல், உரிய கணத்தில் உரிய தொலைவில் நிற்றல், தேவையில்லாதபோது உதைக்காதிருத்தல் ஆகியவற்றை எந்த எடைமேடையும் அளக்காது. அவற்றை அளப்பது ஆசானின் கண்ணே. அன்றியும், எண்ணை உயர்த்தும் ஆசை ஊறுவிளைக்கும். வளரும் பருவத்துச் சிறுவரை நாள்தோறும் முழு வலிமையோடு உதைக்கச் செய்தால் மூட்டுகள் நோவெய்தும். கோடை வெயிலில் தாங்குதிறன் சோதனை நடத்துதல் உயிருக்கே ஆபத்தாகலாம். மார்புவலி, மயக்கம், மூச்சிரைப்பு உடையோர் மருத்துவரைக் கண்ட பின்னரே களமிறங்க வேண்டும். மயிலிறகே ஆயினும் அளவு மிகுந்தால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவரின் உவமை, வலியறிதல் அதிகாரத்திலேயே அமைந்திருப்பது எண்ணத்தக்கது. வலிமையின் அளவை அறிவது அதனைப் பெருக்குவதற்கு மட்டுமன்று. அதன் எல்லையில் நிற்பதற்குமாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இளவட்டக்கல் முதல் மின்னணுக் கவசம் வரை வலிமையை ஐயமின்றி அறியும் வேட்கை தொடர்ந்து வந்துள்ளது என்பது புலனாகும். வேகம், உந்தம், விசை, தாங்குதிறன் ஆகியவை வெவ்வேறானவை. ஒவ்வொன்றையும் அதற்குரிய வழியில் அளக்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஊரிலும் மணல் மூட்டை, அளவுநாடா, கடிகாரம், நோட்டுப் புத்தகம் ஆகிய நான்கும் கொண்டு பெரும்பகுதியை அளந்துவிடலாம். ஊராட்சி ஒன்றியந்தோறும் ஒரு பள்ளித் திடலிலேனும் அளந்து குறித்த ஓடுபாதையும், பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவரின் மேற்பார்வையில் அளவுக் குறிப்பேடும் ஏற்படுத்தினால், தேர்வுத் திடலுக்குச் செல்லும் நம் இளைஞர் தம் வலிமையை முன்னரே அறிந்து செல்வர். உடற்கல்வி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் இதனை ஆவன செய்தல் வேண்டும்.